துணிச் சுவரா, கெட்டிச் சுவரா

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
29 செப்ரெம்பர் 2016, வியாழக்கிழமை

அன்பு மகள் அனுஜாவுக்கு,

நானும் அம்மாவும் இம்மாகுலேற் மாமியும் ஆண்டவர் தயவில் எழும்பி நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் படிகளைக் கண்டால் முறைப்பாடு வைக்கிறது. அங்கே நீயும் கீர்த்தனனும் சாம்பவியும் சின்னவன் அபிரனும் பனி விழமுன் மிச்சமிருக்கும் இந்த நல்ல நாட்களைச் சுகமாகக் கழிக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொள்கிறோம். போன ஞாயிறு நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. வரும் கோடையில் எங்கள் மூவரையும் கல்கரிக்கு அழைத்து, எல்லோருமாக மலைப்பக்கம் கம்பிங் போவதற்கு ஒரு ட்றெயிலர் வாங்கப் போகிறோம், ஹைபிரிட் ஒன்றும் கெட்டிச் சுவர் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம், கடைக்காரர் எட்டாம் திகதி சனிவரை இரண்டையும் பிறருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பார், நீங்கள் படம் வரைஞ்ச ஆள்தானே அப்பா, யோசிச்சுச் சொல்லுங்கோ என்றாய். நான் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. தொலைபேசியில் எனக்கு நினைப்பது ஒன்று, வாயில் வருவது இன்னொன்று. அதனால் எழுதுகிறேன். உன் தம்பி ஜோன்சன் திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது தாள்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான்.

எழுதப் போவதை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன், இல்லாவிட்டால் பயம் என்னை வேறு பக்கம் இழுத்துப் போய்விடும்.

1. எடையும் மலைப்பாதையும்.
2. கரடி.
3. ஈரத் துணியும் அபிரனின் மூச்சிழுப்பும்.
4. இம்மாகுலேற் மாமியால் துணிக்குள் படுக்க முடியாது என்பது.
5. ஆகவே எதை வாங்குவது.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்து எனக்கு விளங்கியது இதுதான், பிழையென்றால் திருத்து. இரண்டும் காருக்குப் பின்னால் கொக்கியில் பூட்டி இழுத்துக்கொண்டு போகும் வீடுகள். கெட்டிச் சுவர் என்பது இங்கே நாங்கள் கரவான் என்று சொல்வது போல நாலு பக்கமும் கூரையும் மூடிய பெட்டி. ஹைபிரிட்டும் பெட்டிதான், ஆனால் நிறுத்திய இடத்தில் இரண்டு முனைகளிலும் பலகையை வெளியே மடித்து இறக்கினால் அது படுக்கையாகும், அந்தப் படுக்கைகளுக்குத் துணிதான் சுவர், துணிதான் கூரை. பகலில் பெட்டிக்குள் இருந்து சமைக்கலாம், இரவில் நாலைந்து பேர் துணிக்குள் தூங்க வேண்டும். ஏழு பேருக்கும் இடம் போதும் என்பதால் கீர்த்தனனுக்கு ஹைபிரிட் பிடித்திருக்கிறது என்றாய். அவர் பிழையாக யோசிக்கிற பிள்ளை இல்லை. இதை எழுதும்போதே நான் யார் சொல்வதற்கு என்றுதான் இருக்கிறது.

முதலாவது எடை. இதில் ஹைபிரிட்தான் வெல்லும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். நீளம் குறைவு, பாரம் குறைவு, காற்றில் வால் ஆட்டுவதும் குறைவாக இருக்கும். கடைக்காரர் உங்கள் வான் வண்டி இழுக்கும் என்று சொன்னால் அதோடு விடாதே. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் விளிம்பில் ஒட்டியிருக்கும் சிட்டையைக் கீர்த்தனனை வாசிக்கச் சொல்லு. விளம்பரத்தில் போடும் எடை வெறும் வண்டியின் எடை. தண்ணீர், காஸ், அரிசி, போர்வை எல்லாம் அதன்மேல் ஏறும். வானுக்குள் ஏழு பேர் இருந்தால் அந்த ஏழு பேரின் பாரமும் இழுக்கிற பலத்தில்தான் கழியும், இதைப் பலர் யோசிப்பதில்லை. ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மதகுகளுக்குப் படம் வரைந்த காலத்தில் நான் கற்றுக்கொண்டது, பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்காமல் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பவன் ஒரு நாள் மாட்டுவான். பாரமான சாமானைப் பின்பக்கம் அடுக்க வேண்டாம், வண்டிச் சில்லுக்குச் சற்று முன்னே இருக்கட்டும். மலையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் சின்னக் கியரில் இறங்கச் சொல்லு. இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். எழுதினால் எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறும், அதற்காக எழுதுகிறேன்.

இரண்டாவது கரடி. இதை எழுதக் கை கூசுகிறது, சிரிப்பாய் என்று தெரியும். செவ்வாயன்று ரூ லூயி-பிளாங் தெருவில் பத்திநாதரின் தொலைபேசிக் கடைக்குப் போனேன், அவருடைய தமையன் கனடாவில் இருபது வருடம் இருக்கிறார் என்பதால் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று. கடையில் நாலு பேர் நிற்க, நீக்கிலாஸ் அண்ணை மகளைக் கரடிக்குக் குடுக்கப் போறார் என்று தொடங்கிவிட்டார். கனடாக் கரடிக்கு உறைப்பு ஒத்துவராது அண்ணை, எங்கடை ஆக்களை மணந்து பாத்திட்டு விலத்திப் போயிடும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவர் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். ஒரு கரடி நிறுத்தியிருந்த காரின் கைபிடியில் நகத்தை மாட்டிக் கதவைத் திறந்து, சொந்தக்காரன் போல உள்ளே ஏறி உட்காருகிறது. பார்த்தீங்களோ அண்ணை, தகரமெண்டாலும் திறக்கும் என்றார். அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். காரையே திறக்கிறது துணியை என்ன செய்யும் என்று ஒரு பயம், தகரமும் காப்பாற்றாது என்றால் நான் எதற்காகக் கெட்டிச் சுவருக்கு வாதாடுகிறேன் என்று இன்னொரு பயம். ஜோன்சன் தேடிச் சொன்னான், சில பூங்காக்களில் கரடி அதிகம் நடமாடும் இடங்களில் துணிப் பக்கம் உள்ள வண்டிகளை விடுவதில்லையாம். நீங்கள் போகும் இடத்தின் விதியைக் கட்டாயம் கேள். எதை வாங்கினாலும் சாப்பாட்டுச் சாமானைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்காதே. அம்மா உனக்கென்று கருவாடு பொதி கட்டி வைத்திருக்கிறார். மலைக்குக் கருவாடு கொண்டுபோவது கரடிக்கு வெற்றிலை வைத்து அழைப்பதற்குச் சமம் என்று சொல்லிப் பார்த்தேன். உங்களுக்குக் கரடியை விட என்ரை கருவாடுதான் பயம் என்று சொல்லிவிட்டு இன்னும் இறுக்கிக் கட்டினார்.

மூன்றாவது ஈரம். மழையில் துணியை மடித்தால் வீட்டுக்கு வந்தவுடன் திரும்ப விரித்துக் காயவிட வேண்டும், தவறினால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண மணம் அபிரனின் நெஞ்சுக்கு ஆகாது. போன வருடம் இங்கே வந்திருந்தபோது அவன் இழுத்துக்கொண்டு கிடந்ததை நான் மறக்கவில்லை, நீ மருந்துக் குழலை அவன் வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையையும் மறக்கவில்லை. நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிற பிள்ளைகள், ஞாயிறு இரவு களைத்து வந்து திங்கள் காலை ஓடுவீர்கள், யார் துணியை விரிப்பது? கெட்டிச் சுவருக்கு இந்த வேலை இல்லை. ஆனால் மூடிய பெட்டிக்குள் ஏழு பேர் மூச்சுவிட்டால் சுவரெல்லாம் வியர்க்கும் என்றும் வாசித்தேன், அதுவும் ஈரம்தான். பார்த்தாயா, ஒரு பக்கம் நிற்கத் தெரியவில்லை எனக்கு.

நாலாவதுதான் உண்மையான காரணம், மற்ற மூன்றையும் இதற்கு முன்னால் வைத்ததே இதைச் சொல்லத் தைரியம் வரட்டும் என்றுதான். உன் இம்மாகுலேற் மாமி, என் தங்கச்சி. இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியிலிருந்து வெளியே வந்து மாதக்கணக்காக முகாமில் தறப்பாள் துணிக்குக் கீழே கிடந்தவர். அருளப்பு மாமா இல்லாமல் தனியாக வந்தவர். இங்கே எங்களோடு இருக்க வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் கூடாரம், தறப்பாள் என்ற சொற்களை நாங்கள் எடுப்பதில்லை, உனக்கும் அது தெரியும். செய்தியில் அப்படி எதுவும் வந்தால் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து அலைவரிசையை மாற்றுவார். போன வருடம் சாம்பவி இரண்டு கதிரைக்கு மேல் படுக்கை விரிப்பைப் போட்டுக் கூடாரம் கட்டி விளையாடியபோது நான்தான் அதை இழுத்து அவிழ்த்தேன். பிள்ளை அழுதாள், நீ என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மாமி குளியலறையில் இருந்தார், வெளியே வருவதற்குள் விரிப்பை மடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை. இப்போது லா சப்பலிலிருந்து ஸ்தாலின்கிராத் பக்கம் மெத்ரோ மேம்பாலத்துக்குக் கீழே சூடானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த அகதிப் பெடியள் கூடாரம் அடித்திருக்கிறார்கள். பொலிஸ் எடுக்கும், அவர்கள் திரும்ப அடிப்பார்கள். மாமியோடு கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டி வந்தால் நான் அந்த வழியால் போவதில்லை. அப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு போய் மலைக்கு நடுவில் துணிக்குள் படுக்க வைத்து, இரவில் காற்றுக்குத் துணி படபடவென்று அடித்தால் அவருக்கு என்ன ஆகும்? பிள்ளைகளுக்கு முன்னால் ஏதும் நடந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஆகவே ஐந்தாவதாக நான் எழுத இருந்தது கெட்டிச் சுவரையே வாங்கு என்பது. ஆனால் ஒரு கரவானுக்குள்ளும் கால் வைத்துப் பார்க்காமல் தாளில் மட்டும் கணக்குப் பார்த்து உனக்குப் புத்தி சொல்ல மனம் ஒப்பவில்லை. லு பூர்ஜேயில் இந்த வாரம் கரவான் கண்காட்சி நடக்கிறதாம். சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

மகள், நேற்றுப் போய் வந்தோம். நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்லிவிடுகிறேன்.

நான் தனியாகத்தான் போக நினைத்தேன். அம்மா, அடுப்புப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று தானும் வெளிக்கிட்டார். அவர் வெளிக்கிட்டதும் மாமியும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வர வேண்டாம் என்று சொல்வதானால் ஏன் என்று சொல்ல வேண்டும், ஏன் என்று சொல்வதானால் அந்தச் சொல்லை எடுக்க வேண்டும். சரி, கெட்டிச் சுவர் வண்டிகளை மட்டும் காட்டிவிட்டுக் கூட்டிவந்துவிடலாம் என்று மனதுக்குள் வழி போட்டேன். லு பூர்ஜேக்கு ரயில் எடுக்க வேண்டிய கார் து நோர் நடக்கிற தூரம். ஆனால் மேம்பாலத்தைத் தவிர்க்கப் பன்னிரண்டாம் மெத்ரோவில் ஏறி மார்க்கடேயில் இறங்கி நாலாம் மெத்ரோவுக்கு மாறினேன். நடக்கிற தூரத்துக்கு ரெண்டு மெத்ரோ ஏன் அண்ணை என்று மாமி கேட்டார். முழங்கால் என்றேன். மார்க்கடேயில் மாறுவதற்கு எத்தனை படி என்று உனக்குத் தெரியும். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இரண்டாவது முழங்காலும் நோகத் தொடங்கியது.

கண்காட்சியில் ஒரு ஊரே கூடியிருந்தது. நீ அனுப்பிய படத்தில் உள்ளது போன்ற ஒரு கெட்டிச் சுவர் கரவானுக்குள் மூவரும் ஏறினோம். கழுத்துப்பட்டி கட்டிய இளம் விற்பனையாளர், நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. அம்மா அடுப்பைத் திறந்து மூடி, சோற்றுப் பானை நிற்குமா என்று சைகையால் அளந்து, மீன் பொரித்தால் புகை எதால் போகும் என்று என்னைப் பிரெஞ்சில் கேட்கச் சொன்னார். விற்பனையாளர் கூரையில் உள்ள யன்னலைக் காட்டினார். பிறகு, சுவர் எவ்வளவு தடிப்பு என்று காட்டுகிறேன் மதாம், வெளியே இத்தனை சனம் நின்றும் ஒன்றும் கேட்காது, கவனியுங்கள் என்று சொல்லிக் கூரை யன்னலை மூடி, திரைகளை இழுத்து, கதவையும் சாத்தினார். உண்மையில் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது, இதைத்தான் அனுஜா வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

மாமி நின்ற இடத்தில் இல்லை. கதவுக்கும் அலுமாரிக்கும் இடையில் தரையில் குந்தியிருந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, கண்ணை மூடி, வாயை அகலத் திறந்து வைத்திருந்தார். சத்தி எடுக்கப் போகிறார் என்று நினைத்து அம்மா பையைத் தேடினார். விற்பனையாளர் பயந்து போய்க் கதவைத் தள்ள, புதுப் பூட்டு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை அனுஜா. நான் மாமியைத் தொடவில்லை, பேசவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாதான் தரையில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, மச்சாள், இது வண்டி, நாங்கள் பாரிசிலை நிக்கிறம், மச்சாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கதவு திறந்ததும் மாமி எங்களைப் பார்க்காமல் எழுந்து இறங்கி நடந்துவிட்டார்.

சனத்துக்குள் அவரைத் தவறவிட்டேன். அவருக்குப் பிரெஞ்சு கொஞ்சம்தான், கைபேசி அம்மாவின் பையில் இருந்தது. வயதான ஒரு பெண், கபில நிறக் கோட்டு, கண்டீர்களா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு ஓடினேன். கடைசியில் மண்டபத்தின் மற்ற மூலையில் கண்டேன். அங்கே மடித்து விரிக்கிற துணிக் கரவான்கள் வைத்திருந்தார்கள், ஹைபிரிட்டின் படுக்கை மாதிரியே பலகை வெளியே நீண்டு மேலே துணி. அதற்குக் கீழே மாமியின் சப்பாத்துகள் சோடியாகக் கழற்றி வைத்தபடி கிடந்தன. அவர் அந்தத் துணிக்குள் ஏறிப் படுத்திருந்தார். நான் கத்திவிட்டேன். இறங்கு, இறங்கு, இது உனக்குச் சரிவராது என்று கத்தினேன், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் குடும்பம் விலகிப் போனது. உள்ளேயிருந்து மாமி, சாதாரணமாக அடுக்களையில் நின்று பேசுவது போல, “அண்ணை, நீங்கள் நிக்கிறது தெரியுது. சத்தம் போடாதேங்கோ” என்றார். துணியின் வலைச் சாளரத்தால் அவருடைய கண் தெரிந்தது. உனக்குத் தறப்பாள் பயமெல்லோ என்று கேட்டேன். ஆறு வருடத்தில் முதல் தடவை அந்தச் சொல்லை அவரிடம் எடுத்தேன். அவர் கேட்டார்: “உங்களுக்கு ஆர் அண்ணை அப்பிடிச் சொன்னது?”

யார் சொன்னது, அனுஜா? நான் யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு அம்மாவும் வந்து சேர்ந்தார், நான் பலகையின் ஓரத்தில் இருந்தேன், மாமி உள்ளே கிடந்தபடியே சொன்னார். ஆறு வருடம் எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர் சொல்லாததை ஒரு கண்காட்சி மண்டபத்தில் படுத்துக்கொண்டு சொன்னார். பங்கர்க் குழிக்கு மேலே பனங்குற்றி போட்டு மண்மூட்டை அடுக்கி, எந்தச் செல் குண்டுக்கும் அசையாது என்று அருளப்பு மாமா கட்டியிருந்தாராம். அடித்த அடியில் அதுவே அவரை மூடியதாம். மாமி தண்ணீர் எடுக்க வாசலுக்கு வந்ததால் தப்பினார். குற்றியைத் தூக்க ஆள் இருக்கவில்லை. உள்ளே அவர் உயிரோடு கூப்பிட்டாரா இல்லையா என்று தனக்குக் கேட்கவில்லை என்றும், அதுதான் தனக்கு இன்றுவரை உள்ளது என்றும் சொன்னார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தறப்பாள் தந்த அண்டைக்குத்தான் அண்ணை நான் காலை நீட்டிப் படுத்தனான். அந்த முகாம் நல்ல இடமெண்டு சொல்லேல்லை, தண்ணிக்கும் கக்கூசுக்கும் அடிபட்டுச் செத்தனாங்கள். ஆனா துணிக்குள்ளை கிடந்தா பக்கத்திலை ஆர் இருமினம், ஆர் அழுகினம் எண்டு கேக்கும். கூப்பிட்டா கேக்கும். எனக்கு அது காணும்.” வாயைத் திறந்து வைத்தது ஏன் என்று அம்மா கேட்டார். செல் வரும்போது காது வெடிக்காமல் இருக்க அப்படித்தான் செய்வார்களாம், இப்போதும் மூடிய இடத்தில் தன்னை அறியாமல் வருகிறதாம். எங்கள் வீட்டு லிப்டில் மாமி ஏறாததை உடம்புக்கு நல்லது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது கார் து நோரில் இறங்கியதும் நான் பழக்கத்தில் மெத்ரோப் படிப்பக்கம் திரும்பினேன். மாமி என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். நேராக மேம்பாலத்துக்குக் கீழால், அந்தக் கூடாரங்களுக்கு நடுவால் நடந்தோம். சந்தைக்குப் போகிற நாட்களில் இதாலைதான் நான் போறனான் அண்ணை, உங்களோடை வந்தா மட்டும் சுத்த வேண்டிக் கிடக்கு, பாவம் முழங்கால் மனுசன் எண்டு பேசாமல் இருந்தனான் என்றார். அம்மா சிரிக்கத் தொடங்கினவர் வீட்டு வாசல்வரை நிறுத்தவில்லை. ஒரு சூடான் பெடியன் மாமியைக் கண்டு தலையசைத்தான், இவரும் அசைத்தார். அவர்கள் இருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. நான்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அங்கே ஈரம் மணந்தது, துணி காற்றுக்கு அடித்தது, நான் மாமியின் கையை விடவில்லை.

இரவு முழுக்க யோசித்தேன். இரண்டாயிரத்து ஒன்பதில் நான் இங்கே இருந்தேன். வேலை முடிந்து வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றபடியே சாப்பிடுவேன். அந்த வெள்ளைக் கூடார வரிசைகளைக் காட்டும்போதெல்லாம் கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகத் தேடுவேன், தங்கச்சி இருக்கிறாளா என்று. நீ அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், அப்பா கண்ணாடியில மூக்கு முட்டுது என்று பகிடி பண்ணினாய். எந்த முகமும் அவளுடையதாக இருக்கவில்லை. எனக்குத் துணி என்றால் அதுதான். அவள் அதற்குள் காலை நீட்டிப் படுத்திருந்த நாட்களில் நான் இங்கே அதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன், அந்தப் பயத்தை அவளுடையது என்று எடுத்து வைத்துக்கொண்டேன். படித்தவன், ஒழுங்காக யோசிக்கிறவன் என்று என்னிடம் கேட்டாய். ஒரு ஆளிடம் போய் ஒரு கேள்வி கேட்காமல் அவருக்காகச் சாம்பவியின் விளையாட்டையும் கலைத்தேன், உன் ட்றெயிலரையும் தெரிவு செய்யப் பார்த்தேன்.

இனி எதை வாங்குவது? எனக்குப் பயம் குறையவில்லை மகள், இடம்தான் மாறியிருக்கிறது. கெட்டிச் சுவரை வாங்கினால் மாமி வரமாட்டார், அதை நேற்றே சொல்லிவிட்டார். நீங்கள் போயிட்டு வாங்கோ, நான் வீட்டிலை நிக்கிறன், பிள்ளையளின்ரை சந்தோசத்தைக் கெடுக்கக் கூடாது என்றார். அவரை இங்கே தனியே விட்டுவிட்டு நான் விமானம் ஏறமாட்டேன். ஹைபிரிட்டை வாங்கினால் கரடி இருக்கிறது, அபிரனின் நெஞ்சு இருக்கிறது, அவை நேற்று மறைந்துவிடவில்லை. துணி வண்டிகளை அனுமதிக்கும் இடமாகப் பார்க்கலாமா, ஈரத் துணியைக் காயவிட உங்கள் கராஜில் இடம் இருக்கிறதா, அபிரனைத் துணிப் பக்கம் விடாமல் நடுப்பெட்டியில் உன்னோடு படுக்கவைக்கலாமா என்று கீர்த்தனனோடு இருந்து பேசு. ஆனால் அதற்கு முன் ஒன்று செய். சனிக்கிழமை கடைக்குப் போகமுன் மாமிக்கு நீயே தொலைபேசி எடு. என்னைக் கேட்காதே, அம்மாவையும் கேட்காதே. எங்கே படுக்க விருப்பம், எது பயம், எது பயமில்லை என்று அவரிடமே கேள். அவர் சொல்வார். நான் பக்கத்து அறையில் இருப்பேன், இடையில் புகுந்து பதில் சொல்லமாட்டேன்.

உங்கள் நால்வர் தலையிலும் என் கையை வைத்து ஆசீர்வதிக்கிறேன். சாம்பவிக்குத் தாத்தா ஒரு படுக்கை விரிப்பு கடன் என்று சொல்லு. அபிரனின் மருந்துக் குழலைப் பயணப் பைக்குள் வைக்காமல் எப்போதும் உன் கைப்பையிலேயே வைத்துக்கொள், மலையில் கடை இல்லை. இந்தக் கடிதத்தின் முதல் தாளை மாற்றி எழுதினால் நல்ல பிள்ளையாகத் தெரிவேன், ஆனால் அப்படியே விடுகிறேன். எடை பற்றி எழுதியது சரி என்று இப்போதும் நினைக்கிறேன், கரடி பற்றியும் ஈரம் பற்றியும் பாதி சரி இருக்கலாம். நாலாவதாக எழுதியது பிழை. துணிக்குள் படுக்க முடியாதவன் நான்.

அன்புள்ள அப்பா,
ச. நீக்கிலாஸ்